'யார் பேசுறது?': ஊவாத் தோட்டங்களுக்கு அழைப்பு வந்த கதை

போன் அடித்தால் நம்மில் யாரும் உடனே எடுப்பதில்லை. முதலில் திரையைப் பார்க்கிறோம். தெரிந்த பெயர் என்றால் ஒரு முகம். தெரியாத இலக்கம் என்றால் இன்னொரு முகம். இலக்கமே இல்லாமல் 'பிரைவேட் நம்பர்' என்று விழுந்தால் அதற்கும் ஒரு முகம். 'ஹலோ' சொல்வதற்கு முன்பே பாதி உரையாடல் முடிந்துவிடுகிறது.

இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகமில்லை. உலகத்திலேயே சுமார் நாற்பது வருடம்தான். பதுளை, அப்புத்தளை, பசறை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களில் அதைவிடவும் குறைவு. அதற்கு முன்னால் நம்ம ஆட்களுக்கு அழைப்பு எப்படி வந்தது? யார் கூப்பிடுகிறார் என்பதை யார் முதலில் தெரிந்துகொண்டார்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு சின்ன தொழில்நுட்பத்துக்குள் மலையக வரலாற்றின் ஒரு துண்டு கிடைக்கிறது. கூடவே, அழைப்பவரின் இலக்கத்தைப் படிக்கும் மென்பொருள்கள் ஏன் சில நேரம் தடுமாறுகின்றன என்பதற்கும் பதில் கிடைக்கிறது.

தப்பும் மணியும்

லயத்துக்குள் வந்த முதல் 'அழைப்பு' தப்புச் சத்தம். விடியும் முன்னே பெரட்டுக்குக் கூப்பிட ஒரு அடி. சாவு விழுந்தால் வேறு அடி. திருவிழாவுக்கு வேறு. யார் அடிக்கிறார், எதற்கு அடிக்கிறார் என்று சத்தத்தை வைத்தே ஜனம் புரிந்துகொண்டது. படுத்திருக்கிற கிழவிகூட எழுந்திருக்காமலே 'இது பெரட்டு இல்ல, யாரோ போயிட்டாங்க' என்று சொல்லிவிடுவாள். அழைப்போடு சேர்ந்தே அது எந்த அழைப்பு என்ற தகவலும் வந்துவிடும்.

சொல்லப்போனால் தொலைபேசிக்கும் இதே தந்திரம் ஒரு காலத்தில் இருந்தது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் கிராமப்புறங்களில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே கம்பி போனது. ஒரு வீட்டுக்கு ஒரு நீள மணி, இரண்டு குட்டை மணி. அடுத்த வீட்டுக்கு இரண்டு நீளம், ஒரு குட்டை. மணி எல்லா வீட்டிலும் கேட்கும், யாருக்கான அழைப்பு என்பது அடியை வைத்துத்தான் தெரியும். ஆனால் யார் அழைக்கிறார் என்பது எடுத்துக் கேட்கும்வரை தெரியாது.

இலங்கையில் 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திக் கம்பி போடப்பட்டது. அதன்பின் மலைக்குள் கம்பியைக் கொண்டுவந்த பெரிய வேலை ரயில் பாதை. 1893இல் அப்புத்தளை, 1894இல் பண்டாரவளை. அதற்குப் பிறகு தெமோதரை வளைவும் ஒன்பது வளைவுப் பாலமும் கட்டி முடித்து, 1924இல்தான் ரயில் பதுளையைத் தொட்டது. ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே இரண்டு ரயில் வந்துவிடக் கூடாது. அதற்காக ஒரு ஸ்டேஷன் அடுத்த ஸ்டேஷனுக்கு மின்மணி அடித்து அனுமதி கேட்கும். அந்தப் பக்கம் சம்மதித்தால்தான் பெட்டியிலிருந்து வட்டமான 'டேப்ளட்' வெளியே வரும். அதைக் கையில் வாங்காமல் டிரைவர் நகர முடியாது.

இந்த டேப்ளட் முறையில் கவனிக்க ஒரு விஷயம் இருக்கிறது. மணி வந்தவுடன் ரயிலை விடமாட்டார்கள். மணி என்பது 'நான் கூப்பிடுகிறேன்' என்ற செய்தி மட்டும்தான். எந்த ரயில், எந்தப் பக்கம் என்பது உறுதியான பிறகுதான் அடுத்த காரியம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

போன் இருந்த இடம்

தோட்டத்துக்குத் தொலைபேசி வந்தபோது அது இருந்த இடம் துரை பங்களா, தோட்டத்து ஆபீஸ், தேயிலை ஸ்டோர். லயத்தில் இல்லை. கொழும்பிலிருந்து ஏல விலை வரும், கம்பனியிலிருந்து கட்டளை வரும், பக்கத்துத் தோட்டத்துத் துரையிடமிருந்து விருந்துக்கு அழைப்பு வரும். தொழிலாளிக்கு ஒரு செய்தி வர வேண்டுமென்றால் அது கிளாக்கர் ஐயா காதில் விழுந்து, கணக்கப்பிள்ளை வாய்க்குப் போய், மலையில் கொழுந்து எடுக்கிற இடத்துக்கு வந்து சேர வேண்டும். பெரியாஸ்பத்திரியில் அப்பா இறந்துபோனார் என்ற செய்தியையும் மகள் இப்படித்தான் கேட்க வேண்டியிருந்தது, மூன்று வாய் மாறி.

கடிதத்துக்கும் அதே வழி. லயக்காம்பிராக்களுக்குத் தனித்தனி முகவரி கிடையாது. பெயர், டிவிசன், தோட்டத்தின் பெயர், ஊர், அவ்வளவுதான். தபால் தோட்டத்து ஆபீசுக்குப் போகும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்த பிறகு கைக்கு வந்த கதையைச் சொல்லாத மலையகக் குடும்பம் குறைவு. இன்றைக்கும் பல தோட்டங்களில் இந்த நிலை முழுசாக மாறவில்லை.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டது. மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பற்றி 1974இல் இன்னொரு ஒப்பந்தம், ஆளுக்குப் பாதி. அக்கா நீலகிரியில், தம்பி நமுனுகுலையில் என்று குடும்பங்கள் பிளந்தன. அந்தப் பிளவுக்குப் பிறகு இவர்களைச் சேர்த்து வைத்தது வெளிநாட்டுத் தபால் உறையும், எப்போதாவது வரும் தந்தியும்தான். ஒரு தொலைபேசி அழைப்பு என்பது நினைத்துப் பார்க்க முடியாத காசு. அப்படியே யாராவது அழைத்தாலும், எடுக்கிறவர் ஆபீசில் இருக்கிறவர். 'யார் பேசுறது?' என்று கேட்கிற உரிமை அவருக்குத்தான் இருந்தது. 'அவங்க மலைக்குப் போயிருக்காங்க' என்று சொல்லி வைத்துவிடுகிற அதிகாரமும் அவருக்கே.

இந்த இடைத்தரகர் பிரச்சினை உலகத்துக்கே பழையது. தானியங்கித் தொலைபேசி நிலையத்துக்கு 1891இல் காப்புரிமை பெற்ற அல்மன் ஸ்ட்ரௌஜர், அமெரிக்காவில் சாவுச் சடங்குக் கடை வைத்திருந்தவர். தனக்கு வர வேண்டிய அழைப்புகளை இணைப்பு கொடுக்கிற பெண் வேறு கடைக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகத்தில்தான் அவர் இந்த வேலையில் இறங்கினார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, நடுவில் இருக்கிற ஆளைத் தாண்டிப் போகணும் என்ற ஆசை நம்ம லயத்திலும் இருந்தது. அதை நிறைவேற்றக் கருவிதான் இல்லை.

இரண்டு மணிக்கு நடுவில் ஒரு மௌனம்

இப்போது தொழில்நுட்பத்துக்குள் கொஞ்சம் போவோம். பயப்படாதீங்க, சுலபமானதுதான்.

பழைய தொலைபேசியில் மணி என்பது கம்பி வழியாக வருகிற மின்சாரம். அது காந்தத்தை ஆட்டும், காந்தம் மணியைத் தட்டும். வேறு எந்தத் தகவலும் அந்தக் கம்பியில் வராது. பிறகு தொலைபேசி நிலையங்கள் கணினிமயமாகி, அழைப்பவரின் இலக்கத்தை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளத் தொடங்கின. அந்த இலக்கம் கடைசி நிலையம்வரை வந்துவிட்டது. ஆனால் அங்கிருந்து வீட்டுக்குப் போகிற கம்பி பழசு, வீட்டிலுள்ள கருவியும் பழசு. பழைய கருவிகளைக் குழப்பாமல் இலக்கத்தை எந்த நேரத்தில் உள்ளே நுழைப்பது?

அமெரிக்கர்கள் கண்ட இடம் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில் இருந்த மௌனம். அங்கே மணி 2 செக்கன் அடித்து 4 செக்கன் அடங்கும். அந்த 4 செக்கனுக்குள் 1200 ஹேர்ட்ஸ், 2200 ஹேர்ட்ஸ் என்று இரண்டு ஓசைகளை மாற்றி மாற்றி அனுப்பி, தேதி, நேரம், இலக்கம் எல்லாவற்றையும் செக்கனுக்கு 1200 பிட் வேகத்தில் தள்ளிவிடுவார்கள். 1987இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் இந்தச் சேவை மக்களுக்கு வந்தது. பிரிட்டன் 1994இல் தொடங்கியபோது வேறு வழி எடுத்தது. அங்கே 'ட்ரிங் – ட்ரிங்' என்று இரட்டை மணி, நடுவிலுள்ள மௌனம் 2 செக்கன்தான். அதனால் மணிக்கு முன்னாலேயே கம்பியின் நேர் – எதிர் முனைகளை மாற்றி ஒரு சைகை கொடுத்து, இலக்கத்தை அனுப்பிவிட்டுத்தான் மணியை அடிப்பார்கள். வேறு சில நாடுகளில் பட்டன் அழுத்தும்போது கேட்கிற அதே ஓசைகளாலேயே இலக்கம் வரும்.

ஆக, ஒரே விஷயத்துக்கு நாட்டுக்கு நாடு வேறு நேரம். மார்க் ஸ்பென்சர் 1999இல் தொடங்கிய 'ஆஸ்டெரிஸ்க்' என்ற இலவசத் தொலைபேசி மென்பொருளில் இதற்கென்றே தெரிவுகள் உண்டு: இலக்கத்தை மணிக்குப் பிறகு தேடு, முனை மாற்றத்துக்குப் பிறகு தேடு, இந்திய முறையில் தேடு என்று. தெரிவு தப்பினால் அழைப்பு வரும், இலக்கம் வராது. கருவியில் கோளாறு எதுவும் இருக்காது. காது கொடுக்க வேண்டிய செக்கன் தப்பியிருக்கும், அவ்வளவுதான்.

எண்பது, தொண்ணூறுகளில் உலகம் இந்த மௌனத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தபோது நம்ம லயத்தில் போனே இல்லை. அதனால் கம்பி வழி இலக்கம் காட்டுகிற அந்தக் காலகட்டத்தையே தோட்டத்து மக்கள் தாண்டிக் குதித்துவிட்டார்கள்.

கொமியூனிகேஷனும் மிஸ்கோலும்

இலங்கையில் 1989இல் செல்டெல் கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. 1991இல் தொலைத்தொடர்புத் திணைக்களம் கூட்டுத்தாபனமாகியது. 1995இல் டயலொக் டிஜிட்டல் சேவையோடு வந்தது. இதெல்லாம் கொழும்புச் செய்தி. மலையில் முதலில் வந்தது 'கொமியூனிகேஷன்'. பதுளை டவுனிலும் பண்டாரவளையிலும் வெலிமடையிலும், பிறகு சின்னச் சின்னச் சந்திகளிலும், போட்டோ கொப்பியும் போனும் சேர்ந்த கடை. நிமிடக் கணக்கு ஓடும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். அங்கே நாம் அழைக்கலாம். நம்மை அழைக்க வேண்டுமென்றால் கடைக்காரர் தயவு வேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்பியில்லா வீட்டுப் போன்களும் மலிவான கைபேசிகளும் லயத்துக்குள் வந்தன. அங்கேதான் உண்மையான மாற்றம். இலக்கம் திரையில் விழுந்தது. விழுந்தவுடனே நம்ம ஜனம் அதை வைத்து என்ன செய்தது தெரியுமா? பேசாமல் பேசத் தொடங்கியது.

மிஸ்கோல். எடுக்காத அழைப்புக்குக் காசு இல்லை. ஆனால் இலக்கம் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு தடவை அடித்தால் 'பஸ் ஏறிட்டேன்', இரண்டு தடவை அடித்தால் 'திருப்பி எடு'. ரீலோட் இல்லாதவனும் செய்தி அனுப்பலாம். எழுதப் படிக்கத் தெரியாத ஆத்தாவும் அனுப்பலாம். ஆசியாவின் ஏழை மக்கள் தொலைபேசியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்த லேர்ன்ஏசியா நிறுவனமும் இந்தப் பழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறது. தப்படியின் தர்க்கம்தான் இது, வேறு உருவத்தில்: சத்தத்தின் எண்ணிக்கையே செய்தி. தப்பில் இல்லாத ஒன்று இதில் இருந்தது. யார் கூப்பிட்டார் என்பதும் சேர்ந்து வந்தது.

இன்னொன்றையும் சொல்லணும். தோட்டத்து மனிதருக்கு அவர் பேரில், அவர் கைக்கே நேராக வந்து சேர்கிற முதல் முகவரி இந்தக் கைபேசி இலக்கம்தான். வீட்டுக்கு இலக்கம் இல்லை. தெருவுக்குப் பெயர் இல்லை. கடிதம் ஆபீசுக்குத்தான். ஆனால் அழைப்பு மட்டும் நேராக மடிக்கு வந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் மிச்சமிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை கொடுத்த காலமும், போன் லயத்துக்குள் நுழைந்த காலமும் கிட்டத்தட்ட ஒன்று. ஒன்று அரசு கொடுத்த அடையாளம், மற்றது ரீலோட் கடையில் வாங்கிய அடையாளம். எதை அதிகம் பயன்படுத்தினார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

அம்மாவின் இலக்கம்

இலக்கம் எப்போதும் உண்மை சொல்லும் என்று நினைத்துவிடக் கூடாது.

மலையகத்திலிருந்து மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்களின் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். அம்மா ஒருநாள் எடுத்தால் ஒரு இலக்கம், அடுத்த வாரம் வேறு இலக்கம். சில நேரம் உள்ளூர் இலக்கம் மாதிரியே விழும். மலிவான வெளிநாட்டு அழைப்புகளைக் கள்ள வழியில் கொண்டுவருகிறவர்கள், உள்ளூர் சிம்கள் நிறைந்த பெட்டி வைத்து அதன் வழியாகத் திருப்பிவிடுவார்கள். அப்போது திரையில் விழுவது அம்மாவின் இலக்கம் இல்லை, அந்தப் பெட்டியில் இருக்கிற ஏதோ ஒரு சிம்மின் இலக்கம். திருப்பி எடுத்தால் யாரும் இல்லை. தெரியாத இலக்கம் என்று பிள்ளை எடுக்காமல் விட்டால், அம்மா அந்த வாரம் பேசக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் போய்விட்டது.

மறுபக்கம், கடன் தவணை கேட்டு வருகிற அழைப்பு. மைக்ரோ கடன் வாங்கிய பெண்களுக்குத் திரை என்பது கேடயம். யார் என்று பார்த்துவிட்டு எடுக்காமல் இருக்கலாம். பங்களா போனுக்கு முன்னால் நின்ற தலைமுறைக்கு இல்லாத உரிமை இது: எடுக்காமல் இருக்கும் உரிமை.

055 என்று தொடங்கினால் பதுளை அல்லது மொனராகலைப் பக்கம், 057 என்றால் பண்டாரவளைப் பக்கம் என்று வீட்டுக் கம்பி இலக்கத்தில் ஒரு ஊர் ஒட்டிக்கொண்டிருந்தது. கைபேசி இலக்கத்தில் அந்த ஊர் இல்லை. ஆளைக் காட்டும், இடத்தைக் காட்டாது. மழைக்காலத்தில் இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை ஆகிவிடும்.

மீரியபெத்தை

2014 அக்டோபர் 29, காலை ஏழரை மணி அளவு. ஹல்துமுல்லைப் பிரதேசம், கொஸ்லாந்தை, மீரியபெத்தை. மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. எத்தனை பேர் உள்ளே என்று முதல் நாட்களில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நூற்றுக்கணக்கில் என்று வந்த செய்திகள் பிறகு குறைக்கப்பட்டன. யார் எங்கே குடியிருந்தார்கள் என்று சரியான பதிவில்லாத மக்களை எண்ணுவது அவ்வளவு கடினமாக இருந்தது.

அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அழைப்பு வராமல் இல்லை. அழைப்பு வந்தது, யாரும் எடுக்கவில்லை. மாற்று நிலமும் வீடும் கொடுக்காமல் 'எழுந்து போ' என்று மட்டும் சொன்னால், அன்றாடக் கூலியில் இருக்கிற குடும்பம் எங்கே போகும்?

எச்சரிக்கைக் கருவிகள் நாட்டில் இல்லாமலும் இல்லை. 2009இல் டயலொக், மொரட்டுவைப் பல்கலைக்கழகம் முதலியோர் சேர்ந்து, கைபேசிக் கோபுரம் வழியாகப் பலருக்கு ஒரே நேரத்தில் எச்சரிக்கை அனுப்பும் அமைப்பை அறிமுகம் செய்தார்கள். அது மேலிருந்து கீழே வருகிற செய்தி. நாம் இங்கே பேசப்போவது கீழிருந்து மேலே போகிற செய்தியைப் பற்றி.

மண்சரிவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை தாண்டினால் விழிப்பு. 100 தாண்டினால் எச்சரிக்கை. 150 தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 தாண்டினாலோ வெளியேறு. மலையில் ஒரு பக்கம் கொட்டும், அடுத்த மலை காய்ந்து கிடக்கும். அதனால் டவுனில் இருக்கிற ஒரு மழைமானி போதாது. ஒவ்வொரு டிவிசனிலும் ஒருவர் அளக்க வேண்டும், அளந்தவர் சொல்ல வேண்டும், சொன்னது பத்து லயங்களுக்கு உடனே போக வேண்டும்.

இதை மிஸ்கோலால் செய்யலாம். மூன்று சிம் வைத்துக்கொள்வோம்: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. 75 தாண்டினால் மஞ்சள் இலக்கத்துக்கு மிஸ்கோல், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு. எந்த இலக்கத்துக்கு அழைப்பு வந்தது என்பது ஆபத்தின் அளவைச் சொல்லும். யாருடைய இலக்கத்திலிருந்து வந்தது என்பது எந்த டிவிசன் என்று சொல்லும். பழைய போன்களும் சின்ன நிரலும் போதும், இணையம்கூடத் தேவையில்லை. அழைத்தவரின் இலக்கத்தைப் பட்டியலில் தேடி, அந்த டிவிசனின் பத்துப் பேருக்கு அந்த நிரல் அழைப்பு அனுப்பும்.

நிரல் எங்கே தடுக்கும்

கேட்க எவ்வளவு சுலபம்! ஆனால் இந்த மாதிரி நிரல் எழுதுகிற எல்லோரும் முட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு: நேரம். நம்மில் கணினி படிக்கிற தம்பி தங்கைகளுக்காக இதை விரிவாகவே சொல்கிறோம்.

கணினியோடு செருகுகிற ஜி.எஸ்.எம். மோடத்தை எடுங்கள். அழைப்பு வந்தால் அது முதலில் 'ரிங்' என்று ஒரு வரி தரும். இலக்கம் அதற்குப் பின்னால், வேறு வரியில் வரும். அதுவும் இலக்கம் காட்டும்படி முன்கூட்டியே கட்டளை கொடுத்திருந்தால்தான். 'ரிங்' கண்டவுடனே அழைப்பைத் துண்டிக்கிற நிரலுக்கு இலக்கம் கிடைக்காது. மிஸ்கோல் வந்தது தெரியும், யார் என்று தெரியாது. சிவப்பு, ஆனால் எந்த மலை?

சரி, காத்திருப்போம் என்று பத்து செக்கன் பிடித்துவைத்தால் வேறு சிக்கல். மழை கொட்டுகிற ராத்திரியில் நாலு டிவிசன் ஒரே நேரத்தில் அழைக்கும். ஒருவர் அழைப்பு நீண்டால் அடுத்தவருக்கு லைன் பிஸி. ஆகவே சரியான விதி செக்கனை எண்ணுவதில் இல்லை. இலக்க வரி வந்த அடுத்த கணமே துண்டி. வராவிட்டால் மட்டும் சில செக்கன் பொறுத்து, 'இலக்கம் இல்லை' என்று குறித்துக்கொண்டு துண்டி.

ஆண்ட்ராய்டு போனில் வேறு மாதிரி. 9ஆம் பதிப்பிலிருந்து, வருகிற அழைப்பின் இலக்கத்தைப் படிக்க அழைப்புப் பதிவேட்டைப் பார்க்கும் அனுமதியும் வேண்டும். அந்த அனுமதி இருந்தால் ஒரே அழைப்புக்கு இரண்டு அறிவிப்பு வரும். ஒன்றில் இலக்கம் இருக்கும், மற்றதில் வெறுமை. எது முதலில் வரும் என்று நம்பி இருக்க முடியாது. ஆவணமே அப்படித்தான் சொல்கிறது. 'ஒரே அழைப்புதானே, இரண்டாவது அறிவிப்பைத் தள்ளிவிடு' என்று எழுதிய நிரல் பாதி நேரம் வேலை செய்யும், பாதி நேரம் இலக்கத்தையே தூக்கி எறியும். இரண்டும் வரும்வரை பொறுத்து, இலக்கம் உள்ளதை எடுத்துக்கொள்வதே வழி. 10ஆம் பதிப்பிலிருந்து, அழைப்பை வடிகட்டும் பொறுப்பைப் பயனர் அனுமதியோடு ஒரு செயலிக்கே கொடுக்கலாம். அப்போது இலக்கம் நேராகக் கைக்கு வரும். ஆனால் 5 செக்கனுக்குள் பதில் சொல்லிவிட வேண்டும்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. சிலர் அழைப்பு முடிந்தவுடன் பதிவேட்டின் கடைசி வரியைப் படிப்பார்கள். பதிவேட்டில் புது வரி எழுதப்படக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் படித்தால் கிடைப்பது முந்திய அழைப்பின் இலக்கம். மோடத்திலும் இதே ஆபத்து உண்டு: பழைய அழைப்பின் இலக்கத்தை அழிக்காமல் வைத்திருந்தால் புது 'ரிங்'கோடு பழைய பெயர் ஒட்டிக்கொள்ளும். வெறுமையாக வந்தால் ஏதோ தவறு என்று தெரியும். தவறான பெயர் வந்தால் எல்லாம் சரியாக நடக்கிற மாதிரியே இருக்கும். பசறைப் பக்கம் மண் நகரும்போது லுணுகலைப் பக்கத்து லயத்தை எழுப்பிவிட்டு, நிரல் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்.

அதனால் சில விதிகள். ஒவ்வொரு புது அழைப்புக்கும் பழைய இலக்கத்தை அழி. பதிவேட்டைப் படித்தால் அதிலுள்ள நேரமும் இந்த அழைப்பின் நேரமும் பொருந்துகிறதா பார். 0 போட்டு வந்தாலும் +94 போட்டு வந்தாலும் ஒரே ஆள்தான், கடைசி 9 இலக்கங்களை ஒப்பிடு. ஒவ்வொரு வரிக்கும் நேரத்தைக் குறித்து வை, நாளைக்குத் தவறு தேட அதுதான் கை கொடுக்கும். கடைசியாக, இலக்கம் கிடைக்காவிட்டால் எச்சரிக்கையை அமுக்காதே. 'எங்கிருந்து என்று தெரியவில்லை' என்று சொல்லி ஒரு மனிதரின் கையில் கொடு. இலக்கம் கிடைத்தாலும் திருப்பி அழைத்து உறுதி செய். இலக்கம் பொய் சொல்லக்கூடும் என்பதை அம்மாக்களின் அழைப்பில் பார்த்தோமே.

ரயில் பாதைக்காரர்கள் டேப்ளட்டில் வைத்திருந்த ஒழுங்கு இதேதான். மணியும் அடையாளமும் வேறு வேறு. மணியைக் கேட்டவுடன் ஓடாதே, அடையாளம் கைக்கு வரட்டும்.

கடைசியாக

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் மறுபடி மண்ணுக்குள் போனது. பாதை அறுந்தது, மின்சாரம் போனது, பல இடங்களில் சிக்னலும் போனது. கோபுரம் விழுந்தால் மிஸ்கோலும் இல்லை, அப்போது பழைய தப்பும் கோயில் மணியும்தான். ஆகவே போன் ஒரு வழி மட்டும், ஒரே வழி இல்லை.

நிரல் எவ்வளவு சரியாக இருந்தாலும் மலை நகராமல் இருக்காது என்பதையும் சேர்த்தே சொல்லணும். ஆபத்தான சரிவில் இருக்கிற லயத்துக்குத் தேவை பாதுகாப்பான நிலமும் தனி வீடும், அந்த வீட்டுக்கு ஒரு இலக்கமும். அது கிடைக்கும்வரை ராத்திரியில் எழுப்பிவிட யாராவது வேண்டும் என்பதால்தான் இந்த நாலு செக்கன் கணக்கெல்லாம்.

உங்கள் தோட்டத்தில் முதல் போன் யார் வீட்டில் இருந்தது, முதல் அழைப்பு யாரிடமிருந்து வந்தது, அதை எடுத்தது யார் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். அப்படியே உங்கள் டிவிசனில் மழைமானி இருக்கிறதா, அதைப் பார்ப்பவர் யார், அவர் இலக்கம் உங்கள் போனில் பெயரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் இன்றைக்கே போட்டு வையுங்கள்.